பழைய ஆம்னியில் வால்பாறை: இறங்கும் முன் கேட்ட சத்தம்

ஆழியாறு செக்போஸ்ட்டில் எங்களுக்கு முன்னால் ஏழெட்டு வண்டிகள் நின்றன. காலை எட்டு மணி. ஒவ்வொரு வண்டியாக எட்டிப் பார்த்து, பிளாஸ்டிக் பாட்டில் இருக்கிறதா என்று கேட்டு அனுப்பிக்கொண்டிருந்தார்கள். நான் பிரேக்கில் கால் வைத்தபடி வரிசையில் காத்திருந்தேன். வண்டி நின்ற இடத்திலேயே நடுங்க ஆரம்பித்தது. டேஷ்போர்டு மேல் வைத்திருந்த எவர்சில்வர் டம்ளர் கிடுகிடுவென்று ஆடியது.

பக்கத்து சீட்டில் இருந்த அம்மா டம்ளரை எடுத்து மடியில் வைத்துக்கொண்டு கேட்டார்: "ஏம்ப்பா, வண்டிக்குக் குளிர் காய்ச்சலா? மலை ஏறவே இல்லியே இன்னும்!"

பின் சீட்டில் மனைவியும் மகளும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். ஆனால், அந்த நடுக்கம் ஒரு மாதமாக என்னைத் தொந்தரவு செய்துகொண்டிருந்த விஷயம்.

அம்மா பிறந்தது வால்பாறைப் பக்கம் ஒரு தேயிலை எஸ்டேட் லைன் வீட்டில். தாத்தாவுக்கு அங்கே வேலை. பதினெட்டு வயதில் கல்யாணமாகிக் கோவைக்கு வந்தவர், தாத்தா பாட்டி கீழே இறங்கி வந்துவிட்ட பிறகு மலைக்குப் போகவே இல்லை. நாற்பது வருஷத்துக்கு மேல் ஆகிவிட்டது. "ஒரு தடவை அந்த வீட்டைப் பார்த்துட்டா போதும்" என்று ஒவ்வொரு பொங்கலுக்கும் சொல்வார். முழங்கால் வலி கூடிக்கொண்டே போவதைப் பார்த்து, இனியும் தள்ளிப்போடக் கூடாது என்று கிளம்பிவிட்டோம்.

வண்டி அப்பா வாங்கியது. கார்புரேட்டர் காலத்து ஆம்னி. 1984-ல் 'மாருதி வேன்' என்ற பெயரில் வந்து, பிறகு ஆம்னியாகி, 2019-ல் தயாரிப்பு நின்றுபோன அந்த வண்டியைத் தெரியாத குடும்பம் நம் ஊரில் குறைவு. 796 சிசி, மூன்று சிலிண்டர். இன்ஜின், முன் சீட்டுக்கு அடியில். அதனால் இன்ஜினுக்கு என்ன வந்தாலும் அது நம் உட்காரும் இடத்துக்கே தெரிந்துவிடும்!

ஓடினால் சமர்த்து... நின்றால் நடுக்கம்

எங்கள் வண்டியின் வியாதி இதுதான். ரோட்டில் ஓடும்போது ஒரு குறையும் இல்லை. சிக்னலில் நின்றால் இன்ஜின் ஒரே சீராகச் சுற்றாமல், ஏறி இறங்கி, மூச்சு வாங்கும். சில நேரம் அப்படியே அணைந்துவிடும். கிளம்புவதற்கு முன் கோவையில் ஒரு ஒர்க் ஷாப்பில் காட்டினேன். அவர் கார்புரேட்டரில் ஒரு ஸ்குரூவைத் திருகி, ஸ்லோ ஸ்பீடை ஏற்றிவிட்டார். இன்ஜின் நிற்பது நின்றது. நடுக்கம் மட்டும் கொஞ்சம் பாக்கி. 'பழைய வண்டி, அப்படித்தான் இருக்கும்' என்று நானும் விட்டுவிட்டேன்.

பொள்ளாச்சியிலிருந்து வால்பாறை சுமார் 65 கிலோமீட்டர். தென்னந்தோப்புகளைத் தாண்டி, ஆழியாறு அணையைத் தொட்டதும் மலை ஆரம்பம். மொத்தம் 40 கொண்டை ஊசி வளைவுகள். ஒவ்வொன்றிலும் எண் எழுதிய பலகை இருக்கிறது. மகள் சத்தமாக எண்ணிக்கொண்டே வந்தாள்.

ஒன்பதாவது வளைவில் லோம்ஸ் வியூ. வண்டியை ஓரம் கட்டி இறங்கினால், கீழே ஆழியாறு நீர்த்தேக்கம் நீலமாக விரிந்து கிடக்கிறது. ஏறி வந்த சாலை ரிப்பன் மாதிரி மடிந்து மடிந்து தெரிகிறது. நமது மாநில விலங்கான வரையாடுகளை மிக அருகில் பார்க்க வாய்ப்புள்ள இடம் இது. எங்களுக்கும் அதிர்ஷ்டம். பாறைச் சரிவில் நான்கு ஆடுகள், கீழே விழுந்துவிடுவோம் என்ற கவலையே இல்லாமல் மேய்ந்துகொண்டிருந்தன.

"நாங்க சின்னப் புள்ளைல பஸ்ல வரும்போது கண்ணை மூடிக்குவோம். எங்கப்பாதான் 'ஒன்பது வந்துருச்சு, முழிச்சுப் பாரு'ம்பாரு" என்றார் அம்மா.

அங்கிருந்து ஏற ஏறக் காற்று மாறியது. அட்டகட்டியில் சூடாக டீ. பிறகு காடு விலகி, தேயிலை ஆரம்பித்தது. வாட்டர்ஃபால்ஸ் எஸ்டேட், கவர்க்கல்லில் எதிரே வரும் வண்டி தெரியாத அளவுக்குப் பனிமூட்டம், ஐயர்பாடி, ரொட்டிக்கடை... ஒவ்வொரு ஊர் வரும் முன்பே அம்மா பெயரைச் சொன்னார். புதுத்தோட்டம் பக்கத்தில், சாலைக்கு மேலே மரத்துக்கு மரம் கட்டியிருந்த தொங்கு பாலத்தில் சிங்கவால் குரங்கு ஒன்று நிதானமாகக் கடந்துபோனது. அவை வண்டியில் அடிபடாமல் இருக்கச் செய்த ஏற்பாடு அது.

இவ்வளவு ஏற்றத்திலும் வண்டி சொன்ன பேச்சைக் கேட்டது. எனக்கு நடுக்கமே மறந்துபோனது.

லைன் வீடு

அன்றிரவு வால்பாறையில் லாட்ஜில் தங்கினோம். இருட்டிய பிறகு தூரத்தில் ஒரு கம்பத்தில் சிவப்பு விளக்கு மினுக்கிக்கொண்டிருந்தது. லாட்ஜ்காரர் சொன்னார்: "அது எரிஞ்சா பக்கத்துல யானை நிக்குதுன்னு அர்த்தம் சார். அந்தப் பக்கம் போறவங்க உஷாராயிடுவாங்க."

மறுநாள் காலை அம்மாவின் எஸ்டேட்டுக்குப் போனோம். வரிசையாக ஓட்டு வீடுகள். அம்மா பலகையைப் பார்க்கவில்லை, யாரிடமும் கேட்கவில்லை. நேராக நடந்துபோய் கடைசியிலிருந்து இரண்டாவது வீட்டின் முன்னால் நின்றார். இப்போது அங்கே ஜார்க்கண்டிலிருந்து வந்த ஓர் இளம் தம்பதி குடியிருக்கிறார்கள். அந்தப் பெண்ணுக்குத் தமிழ் பாதிதான் தெரியும். ஆனாலும் அம்மா சுவரைத் தொட்டுத் தொட்டுச் சொன்னது புரிந்துவிட்டது. உள்ளே கூப்பிட்டு உட்காரவைத்து, டீ போட்டுக் கொடுத்தார். அம்மா அடுப்படியை ஒரு நிமிஷம் பார்த்தார். "அதே மேடைதான்" என்றார். வேறொன்றும் சொல்லவில்லை.

திரும்பி வரும்போது முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டே இருந்தார். மதியத்துக்குள் கீழே இறங்கிவிடலாம் என்று முடிவு செய்தோம்.

வால்பாறை கடைவீதியில், எதிரே பஸ் வந்ததால் ஒதுங்கி நின்றேன். அங்கேதான் இன்ஜின் அணைந்தது. ஸ்டார்ட் செய்தால் உறுமுகிறது, காலை எடுத்தால் அணைகிறது. இரண்டு பேர் தள்ளி ஓரம்கட்டி, "அந்தச் சந்துல ஒரு ஒர்க் ஷாப் இருக்கு, காட்டிட்டுப் போங்க" என்றார்கள்.

"ஸ்லோவை ஏத்தினா சத்தம் அடங்கும்... நோவு அடங்காது!"

தகரக் கூரை போட்ட சின்ன இடம். மெக்கானிக்குக்கு அறுபது வயது இருக்கும். நான் எடுத்த எடுப்பில், "அண்ணே, ஸ்லோ ஸ்பீடை இன்னும் கொஞ்சம் ஏத்திவிட்டுருங்க. கோயமுத்தூர் போய்ப் பார்த்துக்கிறேன்" என்றேன்.

அவர் பதில் சொல்லாமல் வண்டிக்குப் பக்கத்தில் நின்று அரை நிமிஷம் சத்தத்தைக் கேட்டார். பிறகு, "ஏற்கெனவே ஏத்தித்தான் வெச்சிருக்கு சார். ஸ்லோவை ஏத்தினா சத்தம் அடங்கும், நோவு அடங்காது. அம்மாவைக் கொஞ்சம் இறக்கிவிடுங்க" என்றார்.

அம்மா ஸ்டூலில் உட்கார, சீட்டைத் தூக்கினார்கள். அதன் பிறகு அவர் செய்ததை நான் வரிசையாகச் சொல்கிறேன். பழைய பெட்ரோல் வண்டி வைத்திருக்கும் யாருக்கும் உதவும்.

முதலில், இன்ஜின் ஓடும்போதே பிளக் ஒயர்களை இன்சுலேஷன் போட்ட குறடால் ஒவ்வொன்றாகக் கழற்றி மாட்டினார். எந்த ஒயரைக் கழற்றினாலும் இன்ஜின் ஒரே மாதிரி தொய்ந்தது. "ஏதாவது ஒண்ணைக் கழட்டும்போது சத்தத்துல மாற்றமே இல்லைன்னா, அந்த சிலிண்டர் வேலை செய்யலைன்னு அர்த்தம். இங்க மூணுமே வேலை செய்யுது. அப்ப நோவு மூணுக்கும் பொதுவான இடத்துல இருக்கு" என்றார்.

அடுத்து, ஒரு முழ நீள ரப்பர் டியூப்பை எடுத்து ஒரு முனையைக் காதில் வைத்துக்கொண்டார். டாக்டர் ஸ்டெதஸ்கோப் வைப்பது மாதிரி மறு முனையை இன்ஜின் மேல் அங்கங்கே நகர்த்தினார். ஓர் இடத்தில் நின்று, டியூப்பை என்னிடம் கொடுத்தார். 'ஸ்ஸ்ஸ்...' என்று மெல்லிய சீறல், பாம்பு மாதிரி.

"ஏர் இழுக்குது சார்."

உடனே முடிவுக்கு வந்துவிடவில்லை. சோப்புத் தண்ணீரை ஒரு சின்ன பாட்டிலில் எடுத்து, கார்புரேட்டர் உட்காரும் இடத்திலும் மேனிஃபோல்டு பேக்கிங் ஓரத்திலும் லேசாகத் தெளித்தார். ஓட்டை இருந்தால் அது தண்ணீரை உறிஞ்சும், அந்த நொடி இன்ஜின் சத்தம் மாறும். மாறவில்லை. "சில பேர் இதுக்குப் பெட்ரோலைத் தெளிப்பாங்க. சூடான சைலன்சர் பைப் பக்கத்துல அது வேண்டாத விளையாட்டு" என்றார்.

கடைசியாக, மேனிஃபோல்டிலிருந்து கிளம்பும் ரப்பர் ஹோஸ்களை ஒவ்வொன்றாக நெரித்துப் பார்த்தார். டிஸ்ட்ரிபியூட்டருக்குப் போகும் மெல்லிய ஹோஸை நெரித்தபோது பெரிய மாற்றம் இல்லை. முன்பக்கம் பிரேக் பூஸ்டருக்குப் போகும் தடித்த ஹோஸின் ஆரம்பத்தில் விரலை வைத்து அழுத்தினார். அவ்வளவுதான்! நடுக்கம் நின்றது. இன்ஜின் சீராகி வேகமெடுத்தது. விரலை எடுத்தார். மறுபடி நடுக்கம்.

கிளிப்பைத் தளர்த்தி ஹோஸைத் திருப்பிக் காட்டினார். மேலிருந்து பார்த்தால் நன்றாகத்தான் இருந்தது. அடிப்பக்கம், கிளிப் கடிக்கும் இடத்தில், ரப்பர் காய்ந்து ஒரு விரல்கடை நீளத்துக்கு வெடித்திருந்தது. இன்ஜின் சூட்டில் இத்தனை வருஷம் வெந்த ரப்பர். அது தன் ஆயுளை முடித்துக்கொண்டிருந்தது.

நின்றால் ஏன் நடுங்குகிறது?

பெட்ரோல் இன்ஜின் மூச்சு இழுக்கும் வாயில் ஒரு கதவு உண்டு. ஆக்ஸிலேட்டரை மிதித்தால் அது திறக்கும். காலை எடுத்தால் ஏறக்குறைய மூடிக்கொள்ளும். மூடிய கதவுக்குப் பின்னால் பிஸ்டன்கள் காற்றை இழுத்துக்கொண்டே இருப்பதால், மேனிஃபோல்டுக்குள் வெற்றிடம் உருவாகிறது. சமவெளியில் நல்ல இன்ஜின் ஐட்லிங்கில் இருக்கும்போது வேக்குவம் கேஜ் வைத்துப் பார்த்தால், பாதரச அளவில் சுமார் 17 முதல் 21 அங்குலம் காட்டும். மலையில், ஒவ்வொரு ஆயிரம் அடிக்கும் ஏறக்குறைய ஓர் அங்குலம் குறையும். வால்பாறை சுமார் 3,500 அடி உயரம். ஆகவே அங்கே கேஜ் மூன்றரை அங்குலம் குறைத்துக் காட்டினால் பயப்பட வேண்டியதில்லை.

அந்த வெற்றிடத்தில் ஒரு வெடிப்பு இருந்தால், கார்புரேட்டரைக் கேட்காமலே வெளிக்காற்று உள்ளே புகும். அந்தக் காற்றுக்கு ஏற்ற பெட்ரோல் வராது. கலவை மெலிந்து, சரியாக எரியாமல், இன்ஜின் தடுமாறும். ஓடும்போது கதவு அகலத் திறந்து ஏராளமாகக் காற்று வருவதால், அந்தத் திருட்டுக் காற்று கணக்கிலேயே வராது. வண்டி நன்றாக ஓடும். நம்மை ஏமாற்றுவது இதுதான்.

ஆனால், அண்ணன் என்னிடம் கேட்ட கேள்வி வேறு.

"ஏறும்போது சரி சார். பிரேக் எப்படி இருந்துச்சு?"

யோசித்துப் பார்த்தேன். கொஞ்ச நாளாகவே பிரேக்கைக் கூடுதலாக அழுத்த வேண்டியிருந்தது. பழகிப்போனதால் கவனிக்கவில்லை.

"இன்ஜினை ஆஃப் பண்ணிட்டு பிரேக்கை நாலஞ்சு தடவை மிதிங்க. பெடல் கல்லு மாதிரி ஆனதும், காலை எடுக்காம ஸ்டார்ட் பண்ணுங்க."

செய்தேன். கால் அப்படியே இருந்தது.

"பூஸ்டர் நல்லா இருந்தா, ஸ்டார்ட் ஆனதும் பெடல் தானாவே கொஞ்சம் கீழே இறங்கணும். உங்களுக்கு இறங்கலை. பூஸ்டருக்குச் சாப்பாடே இந்த வேக்குவம்தான். அது வழியிலேயே ஒழுகிடுச்சு. பிரேக் பிடிக்காமப் போகாது. ஆனா, உங்க கால் பலத்துல மட்டும்தான் பிடிக்கும். நாப்பது வளைவு இறங்கணும். வண்டியில அஞ்சாறு பேர் எடை. போதாக்குறைக்கு ஸ்லோவை வேற ஏத்தி வெச்சிருக்கு. இறக்கத்துல காலை எடுத்தாலும் இன்ஜின் வண்டியைப் பிடிக்காம, தள்ளிக்கிட்டே இருக்கும்."

நான் ஸ்டூலில் உட்கார்ந்திருந்த அம்மாவைப் பார்த்தேன். மகள் அவர் தோளில் சாய்ந்து பிஸ்கட் சாப்பிட்டுக்கொண்டிருந்தாள். எனக்கு முதல் நாள் இரவு பார்த்த சிவப்பு விளக்கு ஞாபகம் வந்தது. என் வண்டியிலும் ஒரு மாதமாக ஒன்று மினுக்கிக்கொண்டிருந்திருக்கிறது. நான் அதை அணைக்கச் சொல்லிக் காசு கொடுத்திருக்கிறேன்.

இறக்கம்

அந்த அளவில் புது ஹோஸ் அவரிடம் இல்லை. தண்ணீர் ஹோஸை வெட்டிப் போடவும் மறுத்துவிட்டார். "வேக்குவம் இழுக்கும்போது அது உள்பக்கமா ஒட்டிக்கும். அப்புறம் பிரேக்குக்கு ஒண்ணுமே போகாது" என்றார். நல்லவேளையாக ஹோஸில் கொஞ்சம் தளர்வு இருந்தது. வெடித்த முனையை ஓர் அங்குலம் வெட்டி எறிந்துவிட்டு, நல்ல ரப்பரில் புதுக் கிளிப் போட்டு இறுக்கினார். ஏற்றி வைத்திருந்த ஸ்லோ ஸ்பீடைப் பழைய அளவுக்கு இறக்கினார். இன்ஜின் பூனை மாதிரி முனகியது.

மறுபடி அதே சோதனை. பெடலை மிதித்து, கல்லாக்கி, ஸ்டார்ட் செய்தேன். கால் மெல்லக் கீழே இறங்கியது. ஓர் அங்குலம்கூட இருக்காது. ஆனால், அந்த நிம்மதியை எழுத்தில் சொல்ல முடியவில்லை.

இருநூறு ரூபாய் வாங்கிக்கொண்டார். "பொள்ளாச்சியில முழு ஹோஸையும் மாத்திடுங்க. இறக்கத்துல ரெண்டாவது கியர்லயே போங்க. பெட்ரோல் மிச்சம்னு இன்ஜினை ஆஃப் பண்ணிட்டு உருட்டுறவங்க இருக்காங்க. ரெண்டு மூணு மிதிக்கு மேல பூஸ்டர்ல ஒண்ணும் மிஞ்சாது. அதை மட்டும் செஞ்சிராதீங்க" என்றார்.

அம்மா அவரிடம் தன் எஸ்டேட் பெயரைச் சொன்னார். அவர் முகம் மலர்ந்தது. "எங்க அம்மாவும் கொழுந்து பறிச்சவங்கதாம்மா" என்றார். இரண்டு பேரும் பத்து நிமிஷம் பழைய கதை பேசிய பிறகுதான் கிளம்ப முடிந்தது.

நாற்பதிலிருந்து மகள் தலைகீழாக எண்ண ஆரம்பித்தாள். இரண்டாவது கியரில், மேலே வரும் வண்டிகளுக்கு வழிவிட்டு, மெதுவாக இறங்கினோம். இன்ஜினே வண்டியைப் பிடித்துக்கொண்டது. வளைவுகளில் மட்டும் பிரேக்கைத் தொட்டால் போதும். ஒன்பதாவது வளைவு வந்தபோது அம்மா தூங்கியிருந்தார். "பாட்டி, ஒன்பது வந்துருச்சு, முழிச்சுப் பாருங்க!" என்று மகள் எழுப்பினாள். கீழே ஆழியாறு, மாலை வெயிலில் தகதகத்தது.

பழைய பெட்ரோல் வண்டியில் மலைக்குப் போகிறீர்களா?

* கிளம்புவதற்கு இரண்டு நாள் முன்பே, இன்ஜின் சூடான பிறகு வண்டியை ஐந்து நிமிஷம் ஐட்லிங்கில் விட்டுக் கேளுங்கள். ஏறி இறங்கினால் காரணத்தைக் கண்டுபிடிக்கச் சொல்லுங்கள். ஸ்லோ ஸ்பீடை மட்டும் ஏற்றச் சொல்லாதீர்கள்.

* ரப்பர் ஹோஸ்களை மேலாகப் பார்க்காமல், வளைத்து அடிப்பக்கமும் கிளிப் ஓரமும் பாருங்கள்.

* பிரேக்கை மிதிக்கும்போது ஐட்லிங் மாறினாலோ, சீறல் கேட்டாலோ பூஸ்டரையும் அதன் ஹோஸையும் உடனே காட்டுங்கள்.

* எல்லாப் பழைய வண்டிகளிலும் பூஸ்டர் இருக்காது. உங்கள் வண்டியில் இருந்தால், மேலே சொன்ன பெடல் சோதனையைச் செய்ய ஒரு நிமிஷம் போதும்.

* பிளக் ஒயரைக் கழற்றும் சோதனையை நீங்களே செய்ய வேண்டாம். ஷாக் அடிக்கும். மெக்கானிக்கிடம் விடுங்கள்.

ஆழியாறு செக்போஸ்ட்டில் மறுபடியும் வரிசை. நான் பிரேக்கில் கால் வைத்துக் காத்திருந்தேன். அம்மா மடியிலிருந்த டம்ளரை எடுத்து, பாதி தண்ணீரோடு டேஷ்போர்டு மேல் வைத்தார். கொஞ்ச நேரம் அதையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, "காய்ச்சல் விட்டுருச்சு" என்றார்.